தாய் சூ யிங்கும் போய்விட்டார்: நம் சாம்பியன்கள் எப்போது ராக்கெட்டை வைக்க வேண்டும்?

பின்கோட்டுக்காரன் | 8 நவம்பர் 2025, இரவு 10.42

நேற்று தைவான் பேட்மின்டன் வீராங்கனை தாய் சூ யிங் ஓய்வை அறிவித்ததிலிருந்து மனசு சரியில்லை. 31 வயசுதான். டோக்கியோ ஒலிம்பிக் வெள்ளி, மொத்தம் 214 வாரம் உலக முதலிடம். அவர் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பது எதிரில் நிற்பவருக்கும் தெரியாது, டிவி முன்னால் இருக்கிற நமக்கும் தெரியாது. ஷட்டில் தரையில் விழுந்த பிறகுதான் என்ன நடந்தது என்றே புரியும். அவர் பாரிஸ் ஒலிம்பிக்கில் குரூப் சுற்றிலேயே தாய்லாந்தின் ரட்சனோக்கிடம் தோற்று வெளியேறியதைப் பார்க்க நேர்ந்தது.

எனக்கு 2013 ஜூன் ஞாபகம் வருகிறது. ஜகார்த்தா இஸ்தோரா அரங்கு. இந்தோனேசியாவின் தௌஃபிக் ஹிதாயத்தின் கடைசித் தொடர். ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், சொந்த மக்கள் முன்னால் விடைபெற வந்தார். முதல் சுற்றிலேயே நம்ம சாய் பிரணீத் மூன்று கேமில் தோற்கடித்தார். அன்றைக்கு வீட்டில் துள்ளிக் குதித்தேன். தௌஃபிக்கின் முகம் எப்படி இருந்தது என்று பார்க்கக்கூட இல்லை. 2024 மார்ச்சில் சாய் பிரணீத்தே 31 வயதில் ஓய்வை அறிவித்தபோதுதான் அந்தப் பழைய ஆட்டத்தைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை தௌஃபிக்கை மட்டும் பார்த்தேன்.

இப்போது சிந்துவுக்கு 30, ஸ்ரீகாந்துக்கு 32, பிரணாய்க்கு 33. முதல் சுற்றுத் தோல்விகள் கூடிக்கொண்டே போகின்றன. உச்சியில் இருக்கும்போதே இறங்கிவிடுவதுதான் அழகு என்பது என் எண்ணம். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை | 8 நவம்பர் 2025, இரவு 11.20

உச்சி எது என்று ஏறும்போது யாருக்கும் தெரியாது. இறங்கி வெகுதூரம் வந்த பிறகு திரும்பிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு உதாரணம். 2017-ல் ஸ்ரீகாந்த் ஒரே வருஷத்தில் 4 சூப்பர் சீரிஸ் பட்டம் வென்றார். 2018 ஏப்ரலில் உலக முதலிடம். அதற்குப் பிறகு சரிவு. 2019, 2020-ல் இதே மாதிரி இழைகளில் 'இவர் கதை முடிந்தது' என்று எத்தனை பேர் எழுதினோம்? 2021 டிசம்பரில் உலக சாம்பியன்ஷிப் வெள்ளி. 2022 மே மாதம் பாங்காக்கில் ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பை. காலிறுதியில் மலேசியாவுக்கு எதிராகவும், அரையிறுதியில் டென்மார்க்குக்கு எதிராகவும் 2-2 என்று நின்றபோது கடைசி ஆட்டத்தை வென்று கொடுத்தது பிரணாய். அரையிறுதியில் கணுக்கால் பிசகிய பிறகும் ஆடினார். இறுதியில் இந்தோனேசியாவை 3-0 என்று முடித்து வைத்தது ஸ்ரீகாந்த். அப்போது இருவருக்கும் 29 வயசு. இந்திய பேட்மின்டன் வரலாற்றின் மிகப் பெரிய வாரத்தை, நாம் வழியனுப்பிவிட்டிருந்த இரண்டு பேர்தான் கொண்டுவந்தார்கள்.

இந்த வருஷமே பாருங்கள். சிந்து ஜூலையில் ஜப்பான் ஓபன் முதல் சுற்றில் தோற்றார். ஆகஸ்ட் கடைசியில் பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்பில் உலகின் இரண்டாம் இடத்தில் இருந்த சீனாவின் வாங் ஷியியை நேர் கேம்களில் வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார். ஸ்ரீகாந்த் மே மாதம் மலேசியா மாஸ்டர்ஸில் தகுதிச் சுற்றிலிருந்து கிளம்பி இறுதிப்போட்டி வரை வந்தார். இவர்கள் எந்தத் தேதியில் ஓய்வு பெற்றிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சேலத்து அப்பா | 9 நவம்பர் 2025, காலை 6.05

அண்ணே, நீங்க சொல்றது பெரிய மேடைக் கணக்கு. வீட்டுக் கணக்கு வேற.

என் பொண்ணுக்கு 17 வயசு. விடிகாலை நாலரைக்கு எழுப்பிக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இறகு ஷட்டில் டியூப் விலை இந்த வருஷம் ஏறின ஏற்றத்துல, பழைய ஷட்டில்ல பயிற்சி, புதுசு போட்டிக்கு மட்டும்னு வெச்சிருக்கோம். போன மாசம் ஒரு ரேங்கிங் போட்டியில முட்டியில டேப் ஒட்டிக்கிட்டே ஆடி காலிறுதி வரைக்கும் வந்தா. பேப்பர்ல ஒரு வரி இல்ல. அதே வாரம் ஒரு சாம்பியன் வெளிநாட்டுல முதல் சுற்றுல தோத்ததுக்குப் படத்தோட அரைப்பக்கம். ஸ்பான்சர் கேட்டு ஒரு கம்பெனிக்குப் போனேன். "மக்களுக்குத் தெரிஞ்ச முகம் வேணும் சார்"னு அனுப்பிட்டாங்க.

நம்ம சென்னைப் பையன் சங்கர் முத்துசாமி 2022-ல உலக ஜூனியர் வெள்ளி வாங்கினார். இந்த வருஷம் மார்ச்சுல சுவிஸ் ஓபன்ல, உலகின் ரெண்டாம் இடத்துல இருந்த டென்மார்க்கோட ஆன்டர்ஸ் ஆன்டன்சனைத் தோற்கடிச்சார். கடைசி கேம் 21-5. உங்க ஆபீஸ்ல பத்துப் பேரைக் கேளுங்க, எத்தனை பேருக்குத் தெரியும்?

மூத்தவங்க மேல எனக்குக் கோபம் இல்லீங்க. அவங்க நகர்ந்தாத்தான் வெளிச்சம் அடுத்தவங்க மேல விழும்னு தோணுது.

கணக்குப்பிள்ளை | 9 நவம்பர் 2025, காலை 9.30

சேலத்து அப்பா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் வெளிச்சம் வேறு, இடம் வேறு. இடத்தை யாரும் அடைத்துக்கொள்ளவில்லை.

தரவரிசை என்பது கடைசி 52 வாரத்தில் ஆடிய தொடர்களில் சிறந்த 10-ன் புள்ளி. பழைய பெயருக்கு அதில் எதுவும் கிடையாது. 2019-ல் பாசலில் ஜப்பானின் ஒகுஹாராவை 21-7, 21-7 என்று அடித்து உலக சாம்பியன் ஆனது இன்றைக்கு சிந்துவுக்கு ஒரு புள்ளியும் தராது. ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு ஒற்றையரில் அதிகபட்சம் 2 பேர், அதுவும் இருவரும் முதல் 16-க்குள் இருந்தால் மட்டும். பாரிஸுக்கு ஆண்களில் லக்ஷ்யா சென்னும் பிரணாயும் போனார்கள். முன்னாள் முதலிடம் என்பதற்காக ஸ்ரீகாந்துக்கு யாரும் கதவைத் திறக்கவில்லை. பெண்கள் ஒற்றையரில் சிந்து மட்டும்தான் போனார். இரண்டாவது இடம் காலியாகவே இருந்தது.

உங்கள் மகளுக்கு வேண்டியது ஸ்பான்சர், பயணச் செலவு, உள்ளூரில் நல்ல போட்டிகள். சிந்து நாளைக்கே விலகினாலும் இது மூன்றும் தானாக வந்துவிடாது.

நெட்டோரம் | 9 நவம்பர் 2025, காலை 11.15

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 2024 பிப்ரவரியில் மலேசியாவின் ஷா ஆலமில் நடந்த ஆசிய அணி சாம்பியன்ஷிப்பில் நம் பெண்கள் முதல் முறையாகத் தங்கம் வென்றார்கள். தாய்லாந்துக்கு எதிரான இறுதியில் முதல் ஆட்டத்தை வென்று தொடங்கி வைத்தது சிந்து. 2-2 ஆனபோது கடைசி ஆட்டத்தை வென்று முடித்தது 17 வயது அன்மோல் கர்ப். உலகத் தரவரிசையில் 400-க்கும் பின்னால் இருந்த பொண்ணு. மூத்தவர் நகர்ந்ததால் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. மூத்தவர் முதல் புள்ளியைக் கொண்டுவந்ததால்தான் அவள் ஆட்டத்துக்கே வேலை வந்தது.

தைப்பிங் மழை | 9 நவம்பர் 2025, மதியம் 1.50

மலேசியாவிலிருந்து வணக்கம். (இங்கே இதைப் பூப்பந்து என்றுதான் சொல்வோம். தமிழ்நாட்டில் பூப்பந்து என்றால் கம்பளிப் பந்தில் ஐந்தைந்து பேராக ஆடுவது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். குழம்ப வேண்டாம்.)

உச்சியில் போய்விட வேண்டும் என்கிறீர்கள், தம்பி பின்கோட்டுக்காரன். எங்கள் மலேசிய வீரர் டத்தோ லீ சோங் வெய் கதையைச் சொல்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், பாகான் செராயில் பிறந்தவர்.

2017 உலக சாம்பியன்ஷிப்பில் முதல் சுற்றிலேயே பிரான்சின் பிரீஸ் லெவெர்டேயிடம் தோற்றார். அப்போது 34 வயது. ஒலிம்பிக்கில் மூன்று வெள்ளி, தங்கம் இல்லை. போதும் ஐயா, விட்டுவிடுங்கள் என்று காப்பிக்கடையில் எல்லாரும் பேசினோம். நானும்தான் பேசினேன். 2018 ஜூலை 1, கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கு. மலேசிய ஓபன் இறுதி. எதிரில் ஜப்பானின் கென்டோ மொமோட்டா. 21-17, 23-21. அது அவருடைய 12-வது மலேசிய ஓபன் பட்டம். அரங்கில் நான் இருந்தேன். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

அடுத்த சில வாரத்தில் மூக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. தைவானில் சிகிச்சை. திரும்பி வந்து பயிற்சி செய்து பார்த்தார். டோக்கியோ வரை போக ஆசை. மருத்துவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 2019 ஜூன் 13, செய்தியாளர் முன்னால் கண்ணீரோடு முடித்துக்கொண்டார். புக்கிட் ஜாலில் அன்று அவரும் அதைக் கடைசிப் பட்டம் என்று நினைத்து ஆடவில்லை, நாங்களும் நினைத்துப் பார்க்கவில்லை. 2017-ல் எங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த நாளே இருந்திருக்காது.

வடமராட்சி | 9 நவம்பர் 2025, மாலை 4.10

தைப்பிங் அண்ணை எழுதினதை வாசிக்கக் கண் கலங்கிட்டுது.

எங்கட இலங்கையில கதை வேற மாதிரி. நிலுக கருணாரத்ன 2012 லண்டன் ஒலிம்பிக்கில ஜப்பானின்ர கெனிச்சி டாகோவை நேர் கேமில வெண்டவர். அதுக்குப் பிறகு ரியோ, அதுக்குப் பிறகு 36 வயசில டோக்கியோ. பதக்கத்துக்காக இல்லை. சின்ன நாட்டுக்காரன் ஒராள் அந்தக் கோர்ட்டில நிக்கிறதே பெரிய விசயம். பெரிய நாட்டு ஆக்கள் உச்சியைப் பற்றிக் கதைக்கிறியள். உச்சிக்கே போகாமல் இருபது வருசம் ஆடுற ஆளுக்கு ஓய்வு எண்டதுக்கு என்ன அளவுகோல்? ஆடேலுமெண்டால் ஆடலாம், அவ்வளவுதான் எண்டு நினைக்கிறன்.

பிசியோ கோவை | 9 நவம்பர் 2025, இரவு 8.35

நான் விளையாட்டுக் காயங்களுக்கு சிகிச்சை செய்பவன். இங்கே எல்லாரும் தோல்வி, பட்டம் என்றே பேசுகிறீர்கள். நான் முட்டியைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒற்றையர் ஆட்டத்தில் உடம்பைத் தின்பது ஓட்டம் இல்லை, நிற்பதுதான். நெட்டுக்கு முன்னால் ஒரு டிராப்பை எடுக்க நீளமாக எட்டு வைத்து இறங்குகிறார்களே, அந்த ஒற்றைக் காலில் முழு உடம்பும் விழுகிறது. விழுந்த நொடியிலேயே பின்னால் தள்ளி எழ வேண்டும். ஒரு ஆட்டத்தில் இது நூற்றுக்கணக்கில் நடக்கும். பின்கோர்ட்டில் குதித்து ஸ்மாஷ் அடித்து ஒற்றைக்காலில் இறங்குவது இன்னொரு பக்கம். 22 வயதில் இரவு தூங்கி எழுந்தால் வலி போய்விடும். 30-க்கு மேல் அந்த வலி மறுநாள் காலையிலும் இருக்கும். மறுநாள் காலையில் அடுத்த சுற்று. அடுத்த வாரம் வேறு நாடு. முதல் 15 இடத்துக்குள் இருந்தால் சூப்பர் 1000, சூப்பர் 750 என்ற பெரிய தொடர்களில் ஆடியே ஆக வேண்டும் என்பது விதி. ஒதுங்கி நிற்கவும் சுலபமாக விடமாட்டார்கள்.

முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. தேய்ந்தது திரும்ப வளராது. சாய்னா நெவால் 2024-ல் தன் வாயாலேயே சொன்னார், மூட்டுவாதம் வந்துவிட்டது, குருத்தெலும்பு மோசமாகிவிட்டது என்று. அப்போது அவருக்கு 34.

2019 ஜனவரி 27-ஐ நான் அடிக்கடி நினைப்பேன். பின்கோட்டுக்காரன் சொன்ன அதே இஸ்தோரா, இந்தோனேசியா மாஸ்டர்ஸ் இறுதி நாள். ஒரே கூரைக்குக் கீழே அன்று இத்தனை நடந்தது. 33 வயது லிலியானா நட்சீர், ரியோவில் கலப்பு இரட்டையர் தங்கம் வாங்கியவர், முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஊரே எழுந்து நின்று கைதட்ட விடைபெற்றார். பெண்கள் ஒற்றையர் இறுதியில் சாய்னாவுக்கு எதிராக 10-4 என்று முன்னிலையில் இருந்த ஸ்பெயினின் கரோலினா மரின் வலது முட்டி முறுக்கி விழுந்தார். பட்டம் சாய்னாவுக்கு. அதுதான் சாய்னாவின் கடைசிப் பட்டம். ஆண்கள் இரட்டையரில் ஹென்ட்ரா செத்தியவான், முகமது அஹ்சான் ஜோடி இறுதியில் தோற்றது. பெரியவர்கள் ஓய்ந்துவிட்டார்கள் என்று நினைக்க வைக்கும் நாள்.

மரின் திரும்பி வந்தார். 2021-ல் இடது முட்டி போனது, டோக்கியோ போனது. மறுபடி வந்தார். 2024 பாரிஸ் அரையிறுதியில் சீனாவின் ஹி பிங்ஜியாவுக்கு எதிராக முதல் கேமை வென்று இரண்டாவதிலும் முன்னால் இருந்தபோது மறுபடி வலது முட்டி. கட்டு போட்டுக்கொண்டு இரண்டு புள்ளி ஆடிப் பார்த்து, மண்டியிட்டு அழுதாரே, அந்தக் காட்சியை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. அப்போதும் அவர் ஓய்வு என்று சொல்லவில்லை.

தோற்பதில் ஒரு அவமானமும் இல்லை. ஐம்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் போவதுதான் என் கவலை.

பின்கோட்டுக்காரன் | 9 நவம்பர் 2025, இரவு 9.50

பிசியோ சார், அந்த இரட்டையர் ஜோடி அதற்கப்புறம் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும்தானே? அதே 2019 மார்ச்சில், ஹென்ட்ரா கெண்டைக்கால் காயத்தோடு ஆடி ஆல் இங்கிலாந்து பட்டம். ஆகஸ்டில் பாசலில் உலக சாம்பியன். சிந்து தங்கம் வென்ற அதே ஆகஸ்ட் 25. ஹென்ட்ராவுக்கு அன்றைக்குத்தான் 35-வது பிறந்தநாள். இந்த ஜனவரியில், ஹென்ட்ராவின் 40 வயதில், அதே இஸ்தோராவில் இருவரும் சேர்ந்து விடைபெற்றார்கள்.

கணக்குப்பிள்ளை | 9 நவம்பர் 2025, இரவு 10.15

இரட்டையர் வேறு உலகம். பாதிக் கோர்ட், பங்காளி ஒருவர், ரேலி குறுகியது. ஹென்ட்ரா நெட்டுக்கு முன்னால் நின்று எதிராளி அடிப்பதற்கு முன்பே ராக்கெட்டை அந்த இடத்தில் வைத்திருப்பார். அந்த அறிவுக்கு வயசாகாது. அதை வைத்து ஒற்றையரை அளக்கக்கூடாது. 30-ஐத் தாண்டி ஒற்றையரில் ஒலிம்பிக் தங்கம் என்றால் 1996-ல் டென்மார்க்கின் போல் எரிக் ஹோயர் லார்சனும் 2024-ல் அதே நாட்டின் விக்டர் ஆக்செல்சனும் நினைவுக்கு வருகிறார்கள். முதலாவது, கேமுக்கு 21 புள்ளி என்ற முறை வருவதற்குப் பத்து வருஷம் முந்திய ஆட்டம்.

2025-ல் 15 புள்ளி, மூன்று கேம் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். அது வந்தால் மூத்தவர்களுக்கு ஓரிரு வருஷம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

சேலத்து அப்பா | 10 நவம்பர் 2025, காலை 6.20

சீனாவோட லின் டானைப் பத்தி யாரும் பேசலையே. ரெண்டு ஒலிம்பிக் தங்கம், அஞ்சு உலக சாம்பியன், ஆறு ஆல் இங்கிலாந்து. ரியோவுல நாலாவது இடம். அங்கயே முடிச்சிருந்தா எவ்வளவு கம்பீரம். 2018, 2019-ல முதல் சுற்று முதல் சுற்றா தோத்து, 2020 ஜூலையில டோக்கியோவுக்கு இடம் கிடைக்காதுன்னு தெளிவான பிறகு போனார். எதுக்கு அந்த நாலு வருஷம்?

தைப்பிங் மழை | 10 நவம்பர் 2025, காலை 8.45

எதுக்கா? 2019 ஏப்ரலில் எங்கள் ஊருக்கு வந்து மலேசிய ஓபனை வென்றுகொண்டு போனாரே, இறுதியில் சென் லாங்கைத் தோற்கடித்து, 35 வயதில். அதற்கு முந்திய மாதங்களில் அடிக்கடி முதல் சுற்றில் தோற்றவர்தான். அந்த வாரம் மைதானத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள், அந்த நாலு வருஷம் வீண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருபது தோல்விக்கு நடுவில் ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்காக அவர் இருபது தோல்வியைத் தாங்கிக்கொள்ளத் தயார் என்றால், வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

நெட்டோரம் | 10 நவம்பர் 2025, இரவு 9.05

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

நான் மாநில அளவில் ஆடினேன். பெரிய பெயர் இல்லை. 26 வயதில் நிறுத்தினேன். "நிறுத்தினேன்" என்று சொல்கிறேனே தவிர, அது ஒரு நாளில் நடக்கவில்லை. இடது முட்டியில் வீக்கம். போட்டிக்கு முந்தின இரவு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பேன். கோச்சிடம் சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார். அம்மாவிடம் சொன்னால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை தந்த அலுவலகத்தில் சொன்னால் மறுநாளே காலை ஒன்பது மணி வருகைப் பதிவேடு. யாரிடமும் சொல்லவில்லை. வலி நிவாரணி போட்டுக்கொண்டு மூன்று வருஷம் ஆடினேன். முட்டி நன்றாக இருந்த வருஷங்கள் எனக்குச் சரியாக நினைவில் இல்லை, அந்த மூன்று வருஷம் மட்டும் ஒவ்வொரு போட்டியாக நினைவிருக்கிறது.

இன்னொன்று. பெண்ணாக இருந்தால் 25-லிருந்தே ஓய்வைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அதைக் கல்யாணம் என்ற பெயரில் கேட்பார்கள். சாய்னா 2018 டிசம்பரில் கல்யாணம் செய்துகொண்டு அடுத்த மாதமே இந்தோனேசியா மாஸ்டர்ஸ் இறுதிக்குப் போனார். சிந்து 2024 டிசம்பரில் லக்னோவில் சையத் மோடி பட்டம் வென்றுவிட்டு அதே மாதம் கல்யாணம் செய்துகொண்டார். ஆனாலும் அவர்கள் ஒரு ஆட்டம் தோற்றால் கீழே வரும் கருத்துகளைப் படித்துப் பாருங்கள். ஸ்ரீகாந்த் தோற்றால் அப்படி யாரும் எழுதுவதில்லை.

பின்கோட்டுக்காரன் தம்பி, உங்கள் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். உங்களுக்கு வலிக்கிறது என்பதால் அவர்கள் போக வேண்டும் என்கிறீர்கள். அவர்களுக்கு வலிக்கிறதா என்று கேட்க நமக்கு வழியே இல்லை. ஏனென்றால் வலியைச் சொல்லக்கூடாது என்று பத்து வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். என்னை நிறுத்தச் சொல்லி ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன். இன்றைக்கு அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன்.

பின்கோட்டுக்காரன் | 10 நவம்பர் 2025, இரவு 10.30

அக்கா, நீங்கள் சொன்னது சரி. தௌஃபிக் தோற்றபோது குதித்ததும் எனக்காக, சிந்து தோற்றால் போகச் சொல்வதும் எனக்காக. உச்சியில் இருக்கும்போதே இறங்க வேண்டும் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆடுபவர் சொல்லமாட்டார். கோச்சுக்குப் பதக்கம் வேண்டும். ஸ்பான்சருக்கு முகம் வேண்டும். ரசிகனுக்குப் பழைய நினைவு வேண்டும். அப்படியானால் 'போதும்' என்று யார்தான் சொல்வது?

பிசியோ கோவை | 10 நவம்பர் 2025, இரவு 11.10

மொமோட்டாவைப் பாருங்கள். 2019-ல் 11 பட்டம். 2020 ஜனவரியில் மலேசியாவில் கார் விபத்து, வலது கண்குழி எலும்பு முறிவு. திரும்பி வந்தார், ஆனால் டோக்கியோவில் குரூப் சுற்றோடு வெளியேறினார். 2024 தாமஸ் கோப்பையோடு 29 வயதில் நாட்டுக்காக ஆடுவதை நிறுத்திக்கொண்டார். மனசு கேட்பதை உடம்பு செய்யவில்லை, அந்த இடைவெளியை மூட முடியவில்லை என்ற பொருளில் பேசினார். அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர அவருக்கு நாலு வருஷம் ஆனது.

என் கருத்து இதுதான். ஆடுவதா வேண்டாமா என்பது ஆடுபவர் முடிவு. ஆனால் அவர் முட்டியின் உண்மை நிலையை அவருக்கே மறைக்காமல் சொல்ல, பதக்கத்தோடும் பணத்தோடும் தொடர்பில்லாத ஒரு மருத்துவர் வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், அதன் முடிவு வீரர் கையில் மட்டும். கோச்சுக்கோ சங்கத்துக்கோ அது போகக்கூடாது. போகும் என்று தெரிந்தால் வலியை மறுபடி மறைப்பார்கள். இதை 30 வயதில் தொடங்கினால் தாமதம்.

சேலத்து அப்பா, ஒன்று கேட்க வேண்டும். முதல் பதிவில் மகள் முட்டியில் டேப் ஒட்டிக்கொண்டு ஆடியதாகச் சொன்னீர்கள். எந்த முட்டி, எத்தனை நாளாக?

சேலத்து அப்பா | 11 நவம்பர் 2025, காலை 5.40

வலது முட்டி சார். ஒரு மாசம் இருக்கும்னு நினைச்சேன். நெட்டோரம் அக்கா எழுதினதைப் படிச்சிட்டு ராத்திரி அவளை எழுப்பிக் கேட்டேன். முதல்ல ஒண்ணுமில்லப்பான்னா. அப்புறம் மெதுவா சொன்னா, ஜூன்லயிருந்தாம். படி இறங்கும்போது வலிக்குதாம். உட்கார்ந்து எழும்போது உள்ள ஏதோ சத்தம் கேக்குதாம். ஐஸ் வைக்கிறது அவங்க அம்மாவுக்குத் தெரியும். எனக்குத்தான் சொல்லலை. நான் செலவு பண்ணினதெல்லாம் வீணாப் போயிடும்னு பயந்துட்டாளாம்.

பிசியோ கோவை | 11 நவம்பர் 2025, காலை 6.15

இன்றைக்குப் பயிற்சி வேண்டாம். டேப் வேண்டாம், வலி மாத்திரையும் வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் எம்.ஆர்.ஐ. எடுங்கள். இந்த வயதில் பெரும்பாலும் தசைநார் அழற்சியாகத்தான் இருக்கும், ஓய்வும் சரியான பயிற்சியும் போதும். ஆனால் சத்தம் கேட்கிறது என்கிறாள், அதனால் பார்த்துவிடுவது நல்லது. ரிப்போர்ட் வந்ததும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நான் பார்க்கிறேன்.

நெட்டோரம் | 11 நவம்பர் 2025, காலை 7.00

அவளிடம் கோபப்படாதீங்க அண்ணா. அவள் பேச விரும்பினால் என் நம்பரைக் கொடுங்க.

சேலத்து அப்பா | 11 நவம்பர் 2025, இரவு 8.25

கோபப்படலம்மா. காலையில கோர்ட்டுக்குப் போகலை. ஏழு மணி வரைக்கும் தூங்கினா, அவ அப்படித் தூங்கி ரெண்டு வருஷம் இருக்கும். டாக்டர் பார்த்துட்டார், வியாழக்கிழமை ஸ்கேன். இந்த மாசக் கடைசியில இருந்த போட்டிக்குக் கொடுத்த பேரைத் திரும்ப வாங்கியாச்சு. மெயிலை அவளே அனுப்பினா. உங்க நம்பரைக் கொடுத்திருக்கேன், ஒன்பது மணிக்கு மேல கூப்பிடுவா.